அளவு பார்க்காமல் வெட்டாதவள்

ரவிக்கை தைக்கிறவர்களுக்குத் திருவண்ணாமலையில் எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை. ஆனால் துணியையும் கொடுத்து, திட்டையும் வாங்கிக்கொண்டு, அடுத்த தீபத்துக்கும் அதே வாசலில் போய் நிற்கிறார்கள் என்றால் அது ரஹமத்துன்னிசாவின் வாசலாகத்தான் இருக்கும். தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. முன்னறையில் காலால் மிதிக்கிற தையல் மெஷின். புருஷன் சாந்த் பாஷா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் ஊருக்கெல்லாம் நல்ல மனுஷன். அந்தப் பெயரை எடுக்க ரஹமத்துன்னிசாவுக்கு நேரமிருக்கவில்லை.

துணியோடு யார் வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "அளவு ரவிக்கை எங்கே?" என்பதுதான்.

"போன வருஷம் தெச்சியே, அதே அளவுதான் ரஹமத்து" என்பாள் பக்கத்து வீட்டு ராணியம்மாள்.

"போன வருஷத்து உடம்பு போன வருஷத்தோட போச்சு. நீ சொல்றதை வெச்சிலாம் வெட்ட முடியாது. அளவைக் கொண்டா. வெட்டிட்டா அப்பால ஒட்ட வராது."

ராணியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போய் அளவு ரவிக்கையைக் கொண்டுவருவாள். போன வருஷத்து அளவோடு ஒப்பிட்டால் ஆள் இரண்டு விரல் பெருத்திருப்பாள். ரஹமத்துன்னிசா ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலை.

இப்படிப்பட்டவள் தன் ஒரே மகன் விஷயத்தில் மட்டும் ஊர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பாளா? ஆனால் கொஞ்ச காலம் இருந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் பிறந்த வீட்டில் ஒரு துக்கம் உண்டு. அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது தம்பிக்குச் சுன்னத் கல்யாணம் செய்தார்கள். புதுச் சட்டை, ரோஜா மாலை, வீடு நிறைய சொந்தக்காரர்கள். நுனித்தோலை நீக்குகிற சின்னக் காரியம், ஊரில் எல்லாப் பையன்களுக்கும் நடப்பதுதான். தம்பிக்கு ரத்தம் நிற்கவில்லை. துணி எரித்த சாம்பலை வைத்தார்கள், எதை எதையோ அரைத்துக் கட்டினார்கள். மூன்றாம் நாள் பையன் போய்விட்டான். அதற்குப் பல வருஷம் கழித்து அவளுடைய அக்கா மகனுக்கும் அப்படியே ஆயிற்று. இரண்டு பேருக்கும் சுன்னத் செய்தவர் ஒரே ஆள், அப்துல் பாய். போதாதா? அப்துல் பாய் கத்தியில் விஷம் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேல் முறையீடு கிடையாது.

அதன் பிறகு ஒரு வீட்டிலும் அப்துல் பாயைக் கூப்பிடவில்லை. அவர் ஒரு சாணைச் சக்கரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, கத்தி, கத்திரி, அரிவாள்மணை என்று தெருத்தெருவாகச் சாணை பிடித்துப் பிழைத்தார். "சாணே... கத்தி சாணே..." என்று தேரடி மூலையில் எழும் அவர் குரல் கிரிவலப் பாதை வரைக்கும் கேட்கும். ஆனால் ரஹமத்துன்னிசா வீட்டு வாசல் வந்ததும் அந்தக் குரல் அடங்கிவிடும். தலையைக் குனிந்தபடி தாண்டிப் போய், நாலு வீடு தள்ளித்தான் மறுபடி கூவுவார். அவளும் தன் கத்திரியை ராணியம்மாள் கையில் கொடுத்தனுப்பித்தான் சாணை பிடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் அந்தக் கத்திரியை அவரைப் போலக் கூராக்க அந்த ஊரில் வேறு ஆள் இல்லை.

மகன் நசீர் அகமதுக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்தது. எழுபத்தாறாம் வருஷம் என்று நினைக்கிறேன். மாமியார் மஹபூப் பீ ஒரு நாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பெரியவன் பசங்க ரெண்டு பேரு, நம்ம நசீரு, மூணு பேருக்கும் ரம்ஜான் முடிஞ்சதும் ஒரே பந்தல்ல சுன்னத் வெச்சிடலாம். ஆற்காட்டுலேர்ந்து ஆள் வர்றாரு. ராசியான கை."

ரஹமத்துன்னிசாவுக்கு மெஷினை மிதித்த கால் நின்றுவிட்டது. அவளுக்குள் ஒரு பயம் வெகு நாளாகக் குடியிருந்தது. நசீருக்குப் பல் முளைத்தபோது ஈறிலிருந்து இரண்டு நாள் ரத்தம் கசிந்தது. சைக்கிள் கடையில் விளையாடி முட்டியை இடித்துக்கொண்டால், மற்றப் பிள்ளைகளுக்குச் சிவக்கிற இடம் இவனுக்கு நாவல்பழம் போல் கறுத்து வீங்கும். அவன் குறும்பு ஜாஸ்தி என்பார்கள் வீட்டில்.

"மாமி, எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

"இன்னா பயம்? அந்த அப்துல் கத்திதானே விஷம்? அவன் நிழல்கூட படாம பாத்துக்கறோம்."

பேச்சு அதோடு முடிந்தது. பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது.

ரஹமத்துன்னிசா ஊரில் விசாரித்துப் பார்த்தாள். தகவலுக்கா குறைச்சல்? கேட்டவுடன் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ராணியம்மாள் கண்ணேறு ஜாஸ்தி என்றாள். மருந்துக்கடையில் நாலு வருஷம் பொட்டலம் மடித்துவிட்டு, கம்பவுண்டர் என்று பெயர் வாங்கிக்கொண்ட சக்கரவர்த்தி, "உஷ்ணம் ஜாஸ்தி. ரெண்டு ஊசி போட்டா ரத்தம் கெட்டியாயிடும், நான் போடறேன்" என்றான். அடுத்த தெருவில் ஒருத்தி, கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டது ஜாஸ்தி என்றாள். ஆளுக்கொரு ஜாஸ்தி. ரஹமத்துன்னிசா எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு ஊர் பழகியிருக்கவில்லை. "எல்லாரும் சொல்றதுதான்" என்றார்கள். "அப்போ அளவு ரவிக்கை இல்ல" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா? சொன்னவர்கள் எங்கே போய் விசாரிப்பது என்பதைத்தான் சொல்லாமல் போய்விட்டார்கள்.

அன்றைக்குத்தான் தேரடிப் பக்கம் சாணைக் குரல் கேட்டது. வழக்கம் போல அவள் வாசலில் அடங்கியது. ரஹமத்துன்னிசா எழுந்து வெளியே வந்தாள்.

"பாய், நில்லுங்க. கத்திரி இருக்குது."

அப்துல் பாய் திகைத்து நின்றார். சக்கரத்தை இறக்கி வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கத்திரியை வாங்கினார். பொறி பறக்க இரண்டு பக்கமும் பிடித்து முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"எங்க தம்பிக்குச் செஞ்ச அன்னிக்கு, வேற யாருக்காவது செஞ்சீங்களா?"

அவர் கத்திரியைச் சக்கரத்தின் மேல் வைத்தார். "இத்தினி வருஷத்துல இதை யாரும் என்னைக் கேக்கலம்மா" என்றார். குரல் உடைந்திருந்தது. "அன்னிக்குக் காலைலே உங்க தெருவுல நாலு பசங்க. உன் தம்பி மூணாவது. அவனுக்கு அப்பால ஒரு பையன். அதே கத்திதான். வெந்நீர்ல போட்டு எடுத்த கத்தி. மத்த மூணு பேருக்கும் வாரத்துல ஆறிடுச்சு. கடைசிப் பையன்தான் இப்போ மார்க்கெட்டுல வாழைப்பழம் விக்கிறான். போய்க் கேளு."

கேட்டாள். அதாவது கேட்கச் சொன்னாள். ஒரு பெண்பிள்ளை மார்க்கெட்டில் போய் வாழைப்பழக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? சாந்த் பாஷாதான் போனார். கூச்சத்தில் முதலில் ஒரு சீப்பு பழம் வாங்கினார், பிறகு இன்னொரு சீப்பு வாங்கினார், அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அப்துல் பாய் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த வாரம் முழுக்க வீட்டில் வாழைப்பழம்.

கத்தி ஒன்று, பையன்கள் நாலு பேர், ரத்தம் நிற்காதது ஒருத்தனுக்கு மட்டும். அப்படியானால் கோளாறு கத்தியில் இல்லை. ரஹமத்துன்னிசா பொத்தான் டப்பாவைத் தரையில் கொட்டினாள். பெண்களுக்கு வெள்ளைப் பொத்தான், ஆண்களுக்குச் சிவப்பு, ரத்தம் நிற்காமல் போனவர்களுக்குக் கறுப்பு. தம்பி ஒரு கறுப்பு. அக்கா மகன் ஒரு கறுப்பு. அம்மாவுடைய அண்ணன் ஒருவர், பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் இளவயதில் போனார் என்று அம்மா சொல்வாள். அவருக்கும் ஒரு கறுப்பு. வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கறுப்புக்கும் மேலே, அம்மா இடத்தில், அவள் வீட்டு வெள்ளைப் பொத்தான் ஒன்று உட்கார்ந்திருந்தது. பாட்டி, அம்மா, அக்கா. தன்னுடைய பொத்தானையும் அந்த வரிசையில் வைத்தாள். அதற்குக் கீழே நசீருக்கு எந்த நிறத்தை வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

மகளுக்கு ரவிக்கை தைக்க வந்த வாத்தியார் ராஜமாணிக்கம் அந்தப் பொத்தான்களைப் பார்த்து விவரம் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஒரு பத்திரிகைல படிச்சேன்மா. சீமையில ராஜா வீட்டுப் பிள்ளைங்களுக்கு இப்படி ரத்தம் நிக்காத வியாதி இருந்துதாம். அது ராஜ வம்சத்து வியாதி. நமக்கெல்லாம் வராது."

"ராஜா வீட்டுல யாரு வழியா வந்துச்சாம் சார்?"

"ராணி வழியாத்தான். ராணிக்கு ஒண்ணுமில்லை, பிள்ளைங்களுக்கு வந்துது."

"ராணி வயித்துல வர்றது ரஹமத்து வயித்துல வராதுன்னு அந்தப் பத்திரிகைல போட்டிருந்துச்சா?"

வாத்தியார் யோசித்தார். நல்ல மனுஷன், ஒப்புக்கொண்டார். "அப்படிப் போடலைம்மா. அது நானா சொன்னது" என்றார். வியாதியின் பெயர் நினைவில்லை, ஆனால் டாக்டர் சகாதேவனைக் கேட்டால் தெரியும் என்று வழியும் காட்டினார்.

டாக்டர் சகாதேவன் கடைத்தெருவில் ஒரு மாடி மேல் சின்ன கிளினிக் வைத்திருந்தார். அதிகம் பேசாதவர், அதனால் கூட்டமும் கம்மி. ரஹமத்துன்னிசா சொன்னதையெல்லாம் கேட்டார். நசீரின் முட்டியை அழுத்திப் பார்த்தார். பிறகு அந்த ஊரில் அதுவரை அவளிடம் ஒருத்தரும் சொல்லாத வார்த்தை ஒன்றைச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதும்மா."

ரஹமத்துன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சந்தேகம் இருக்குது. ஹீமோபிலியான்னு ஒண்ணு. ஆனா சந்தேகத்தை வெச்சி உன் பையனுக்கு அதுதான்னு சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன். ரத்தத்தை அளந்து பாக்கணும். அந்த வசதி இங்க இல்ல, வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரில இருக்குது. அதுவரைக்கும் இவன் மேல கத்தி படக்கூடாது. ஊசியும் போடவிடாதே."

அளந்து பார்க்கணும் என்று சொன்ன முதல் மனுஷன். கிளினிக் படி இறங்கும்போது, இவரைத்தான் நம்பலாம் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. தெரியாது என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் தெரிந்தது எது என்றும் தெரியும்.

மாமியாரிடம், நசீருக்குச் சட்டைத் துணி எடுக்க வேலூர் போகிறோம் என்று சாந்த் பாஷா ஒரு பொய் சொன்னார். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் உருப்படியானது. போளூர், கண்ணமங்கலம் வழியாக பஸ் குலுங்கிக் குலுங்கி வேலூர் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் நசீர் கையில் ரத்தம் எடுத்தார்கள். எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து நர்ஸ் வெகு நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதே ரஹமத்துன்னிசாவுக்குப் பாதி புரிந்துவிட்டது.

முடிவு சொல்ல அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த வாரத்தில் அவள் ஒரு ரவிக்கையும் வெட்டவில்லை.

முடிவைச் சொன்னது ஒரு பெண் டாக்டர். "இன்னா வேலை செய்றீங்க?" என்று முதலில் கேட்டார். தையல் என்றதும் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு துண்டு நூலை எடுத்தார்.

"ரத்தம் உறையறதுக்கு உடம்புல ஒரு பொருள் வேணும். அதைச் செய்யச் சொல்ற சங்கதி ஒரு நூல்ல இருக்குதுன்னு வெச்சிக்குங்க. பொம்பளைங்களுக்கு அந்த நூல் ரெண்டு. ஆம்பளைங்களுக்கு ஒண்ணுதான், அதுவும் அம்மாகிட்டேர்ந்து வர்றது. உங்களுக்கு ஒண்ணு நல்ல நூல், ஒண்ணு இத்துப்போனது. நல்லது தாங்கிக்கறதாலே உங்களுக்கு ஒண்ணும் தெரியலை. பிள்ளை பொறக்கறப்போ ரெண்டுல ஏதோ ஒண்ணு போகுது. எது போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. நசீருக்கு இத்தது வந்துடுச்சு. அந்தப் பொருள் அவன் ரத்தத்துல கம்மி."

"கம்மியா?" என்றாள் ரஹமத்துன்னிசா.

"கம்மி. அடியோட இல்லாம போகலை, அது நல்லது. கம்மியா இருக்குது."

ஊர் முழுக்க ஜாஸ்தி ஜாஸ்தி என்று சொன்னதே, கடைசியில் விஷயம் கம்மியா! அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. "நான் குடுத்ததுதானா?" என்று கேட்டாள்.

"நீங்க வேணும்னு குடுக்கலை. உங்களுக்குக் குடுத்த உங்க அம்மாவும் வேணும்னு குடுக்கலை. இதுல குத்தம்னு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சிக்கிட்டீங்க இல்ல, இனிமே இவனைக் காப்பாத்தலாம்."

அந்தப் பொருள் சேர்ந்த ரத்தச் சாரத்தை முன்னதாக ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் காரியத்தைச் செய்யலாம் என்றார் டாக்டர். ஆனால் அவசரமில்லை, பையன் கொஞ்சம் தேறட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம். ரஹமத்துன்னிசா விடவில்லை. எந்த மாத்திரை கூடாது, வீங்கினால் என்ன செய்வது, பெண் பிறந்தால் என்ன ஆகும், தன் தங்கைக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் "எப்படித் தெரியும் டாக்டரம்மா?" என்றும் கேட்டாள். சாந்த் பாஷா சங்கடத்தில் நெளிந்தார். டாக்டர் மட்டும் சந்தோஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியபோது பந்தல்கால் நட்டாகிவிட்டது. ஆற்காட்டு ராசிக்காரரும் வந்து இறங்கிவிட்டார். ரஹமத்துன்னிசா நேராக மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"மாமி, பெரியவர் பசங்க ரெண்டு பேருக்கும் செய்ங்க. அவங்க என் வயித்துப் பிள்ளைங்க இல்ல, இது அவங்களுக்கு வராது. நசீருக்கு மட்டும் வாணாம்."

"இன்னாடி பேசறே? பத்திரிகை குடுத்தாச்சு. ஊர் இன்னா சொல்லும்?"

"ஊர் சொன்னதைக் கேட்டுத்தான் எங்க வீட்டுல ரெண்டு மையத்து பாத்தோம்."

மஹபூப் பீ மருமகளை முறைத்தாள். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்:

"உனக்கு எப்படித் தெரியும்?"

ரஹமத்துன்னிசாவின் கேள்வி அவளிடமே திரும்பி வந்தது. அவளுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறென்ன வேண்டும்? பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து மாமியார் காலடியிலேயே கொட்டினாள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு. அப்துல் பாய் அன்றைக்குக் கத்தி வைத்த நாலு பையன்களைச் சொன்னாள், வாழைப்பழக்காரனைச் சொன்னாள், இரண்டு நூலைக் காட்டினாள், வேலூரில் அளந்து பார்த்ததைச் சொன்னாள். மஹபூப் பீ எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுக் குனிந்து, நசீருக்கான இடத்தில் கறுப்புப் பொத்தானை வைக்கப் போன மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கறுப்பு செத்தவங்களுக்குடி. இவனுக்கு வேற நெறம் வை" என்றாள்.

ரஹமத்துன்னிசா டப்பாவைத் துழாவி ஒரு பச்சைப் பொத்தானை எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து மாமியார் மருமகள் இரண்டு பேரையும் பிரித்துப் பேச ஊரில் ஆளில்லை.

பள்ளிவாசல் ஹஸ்ரத்தும், "எனக்கு ரெண்டு நாள் அவகாசம் குடுங்க, பெரியவங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்றுவிட்டு, கேட்டுவந்து, உயிர்தான் முதல், தள்ளிப்போடுவதில் தவறே இல்லை என்றார். அவரிடமும் ஒரு 'தெரியாது' இருந்ததை ரஹமத்துன்னிசா கவனித்துக்கொண்டாள்.

மறு வருஷம் வேலூரில் நசீருக்குச் சுன்னத் நடந்தது. ஏற்ற வேண்டியதை ஏற்றி, கட்ட வேண்டியதைக் கட்டி, வாசலில் மஹபூப் பீ தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, காரியம் சுகமாக முடிந்தது. ஊர் திரும்பிப் புண் ஆறியதும் மேளம் வைத்தார்கள். ஜட்கா வண்டியிலிருந்து அவிழ்த்த குதிரை ஒன்றில் நசீரை மாலையோடு உட்காரவைத்துத் தேரடித் தெருவில் ஊர்வலம் வந்தார்கள். தெருவில் நின்று வேடிக்கை பார்த்த அப்துல் பாயை ரஹமத்துன்னிசா கூப்பிட்டு, குதிரையின் கடிவாளத்தை அவர் கையில் கொடுத்தாள். மேளம் நின்றது.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். பெண்பிள்ளை நடுத்தெருவில் பேசுகிறாளே என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். "இவரு கத்தியில விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க ரத்தத்துல ஒரு பொருள் கம்மி. அவ்ளோதான்."

அப்துல் பாய் கடிவாளத்தைப் பிடித்தபடி அழுதார். ஊர் அவரைப் பார்த்து மறுபடி சலாம் சொல்ல ஆரம்பித்தது. ஆனால் ஒரு விஷயம், சலாம் சொன்னவர்களில் ஒருத்தரும் தங்கள் வீட்டுப் பையனுக்கு அவரைக் கூப்பிடவில்லை. வாய் மன்னித்துவிட்டது, மனசுக்கு இன்னும் அளவு கிடைக்கவில்லை. அவரும் ரஹமத்துன்னிசா வாசலில் குரலை அடக்கிக்கொண்டுதான் போனார். பழக்கதோஷம்.

அதற்கப்புறம் தையலுக்கு வருகிறவர்களோடு, வேறு காரியத்துக்கு வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிள்ளைக்கு அடிக்கடி வீங்குகிறது என்று அடி அண்ணாமலையிலிருந்து உண்ணாமலை என்கிற குடியானவப் பெண் ஒருத்தி வந்தாள். ரஹமத்துன்னிசா வைத்தியம் சொல்லமாட்டாள். "எனக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்னு தெரியும்" என்பாள். சகாதேவன் கிளினிக் மாடிப்படியைக் காட்டுவாள். சில பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது, சிலருக்கு இருந்தது. இருந்தவர்களும் பிழைத்தார்கள். சக்கரவர்த்திக்கு மட்டும் அவளைக் கண்டால் ஆகாது.

எண்பத்து மூன்றில் கீழ்பென்னாத்தூரிலிருந்து தங்கை ஜஹானாரா கைப்பிள்ளையோடு வந்து நின்றாள். அவளுக்கு முதல் ஆண் குழந்தை. அவளும் அதே வரிசையில் ஒரு வெள்ளைப் பொத்தான். ரஹமத்துன்னிசா மறுநாளே வேலூருக்கு அழைத்துப்போனாள். அளந்து பார்த்தார்கள். பிள்ளைக்கு வந்தது நல்ல நூல். எதுவும் கம்மியில்லை, எல்லாரையும் போலச் செய்யலாம் என்றார்கள்.

ஆனால் ஜஹானாராவுக்குப் பயம் போகவில்லை. "இருந்தாலும் ஆஸ்பத்திரிலயே செஞ்சிடலாம்கா. எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

"கம்மின்னு சொன்னப்போ நம்பினோம் இல்ல? சரியா இருக்குன்னா மட்டும் ஏன் நம்பமாட்டே? பாதி நம்பறதுக்குப் பேரு நம்பிக்கை இல்லடி."

சொல்லிவிட்டு அப்துல் பாய்க்கு ஆள் அனுப்பினாள்.

அவர் வந்தார். விஷயம் கேட்டதும் பின்வாங்கினார். "வாணாம்மா. உங்க வீட்டுல என் கை மறுபடி வாணாம்."

"உங்க கை நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும் பாய். எப்படித் தெரியும்னு கேளுங்க."

அவர் கேட்கவில்லை. வருஷக்கணக்காக அவள் கத்திரிக்குச் சாணை பிடித்தவர் அவர்தானே. வீட்டுக்குப் போய், துணியில் சுற்றி வைத்திருந்த பழைய கத்தியை எடுத்துவந்தார். கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுத்தார். ஜஹானாரா கண்ணை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டவள் ரஹமத்துன்னிசா.

"வெட்டலாமாம்மா?" என்றார் அப்துல் பாய்.

"அளவு பாத்தாச்சு. வெட்டுங்க."

குழந்தை வீல் என்று கத்தியது. அப்துல் பாய் பஞ்சை வைத்து அழுத்தினார். அந்த நேரத்தில் ரஹமத்துன்னிசாவின் மனசில் தம்பி வந்தான், ரோஜா மாலை வந்தது. வேலூரில் அளந்து பார்த்ததும் வந்தது. அவள் வேலூரைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அப்துல் பாய் பஞ்சை மெல்ல எடுத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"நின்னுடுச்சு" என்றார்.

ஜஹானாரா ஓவென்று அழுதாள். "அழறதெல்லாம் அப்பால வெச்சிக்க, முதல்ல பாய்க்குச் சாப்பாடு போடு" என்றாள் ரஹமத்துன்னிசா. அவள் குரலும் அன்றைக்கு ஒழுங்காக இல்லை. அந்த மாதமே அப்துல் பாயைத் தேடி இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்தது.

சுன்னத்துக்கு மறுநாள் காலையில் அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது தேரடி மூலையில் சாணைக் குரல் கேட்டது. சந்துக்குள் நுழைந்தது. வீடு வீடாக நெருங்கி வந்தது. அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். அவள் வாசலுக்கு நேரே வந்ததும் அப்துல் பாய் நின்று, தலையை நிமிர்த்தி, "சாணே... கத்தி சாணே..." என்று கூவினார். அந்தச் சந்திலேயே அங்கேதான் சத்தம் ஜாஸ்தி.